‘ஒண்ணுமே வரல சார்’: பழைய ஆவணங்களை வகுப்புக்குள் கொண்டுபோகும்போது எங்கே சிக்குகிறது?

சேலம் பக்கம் ஓர் உயர்நிலைப் பள்ளியில் சமூக அறிவியல் எடுக்கிறேன். 1876–78 பஞ்சத்தை, அதாவது ஊரில் பெரியவர்கள் ‘தாது வருஷத்துப் பஞ்சம்’ என்று சொல்கிறார்களே அதை, சில வருடங்களாக இணையத்தில் கிடைக்கும் அசல் ஆவணங்களை வைத்தே நடத்துகிறேன். முதல் வருடம் படுதோல்வி. நாற்பது நிமிட வகுப்பில் இருபத்தைந்து நிமிடம் திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. கோப்பு ஒருவழியாகத் திறந்ததும் அரைப் பக்க ஆங்கிலத்தை மூச்சுவிடாமல் வாசித்தேன். கடைசி பெஞ்சில் ஒருவன் தூங்கிவிட்டான். அவன்மேல் தப்பில்லை.

அதற்கப்புறம் எங்கெங்கே சிக்கியது, எப்படிச் சரிசெய்தேன் என்பதைக் கீழே அறிகுறிவாரியாக எழுதியிருக்கிறேன். உங்களுக்கு எது நடக்கிறதோ அதற்கு நேராகப் போய்விடலாம். உதாரணமெல்லாம் பஞ்சம்தான். நீங்கள் உப்புச் சத்தியாகிரகம் நடத்துகிறீர்கள் என்றால் சொற்களை மாற்றிக்கொள்ளுங்கள். கோளாறு பெரும்பாலும் இதேதான்.

அறிகுறி: தேடினால் ஒன்றுமே வருவதில்லை

மாணவி ‘சேலம் மாவட்டம் பஞ்சம்’ என்று தட்டுகிறாள். பூஜ்யம். 1877-ல் யாரும் ‘மாவட்டம்’ என்று எழுதவில்லை. ஜில்லா என்றுதான் எழுதினார்கள். அதேபோல ஆண்டு என்பதற்கு வருஷம், மாகாணம் என்பதற்கு இராஜதானி. பஞ்சம் என்ற சொல் அன்றும் உண்டு. ஆனால் க்ஷாமம் என்றும் கருப்பு என்றும்கூட வரும். (நிறத்தைச் சொல்லும் ‘கறுப்பு’ வேறு, இது இடையின ரகரம். இந்த ஒரு சொல்லுக்காகவே ஒரு வகுப்பு தமிழாசிரியரைக் கூட்டிவந்து உட்காரவைத்தேன். அவருக்கு ஏக சந்தோஷம்.)

ஆங்கில ஆவணங்களில் இன்னொரு வம்பு. ஊர்ப்பெயர்கள் நம் வாயில் இருப்பவை அல்ல. திருநெல்வேலி ‘டின்னெவெல்லி’, திருச்சி ‘ட்ரிச்சினாபொலி’, தூத்துக்குடி ‘டூட்டிகொரின்’, நாகப்பட்டினம் ‘நெகபடாம்’, தஞ்சாவூர் ‘டான்ஜோர்’. பழைய வரைபடம் ஒன்றைப் பார்த்து உங்கள் பகுதி ஊர்களின் பழைய ஆங்கில எழுத்துக்கூட்டலை ஓர் அட்டையில் எழுதி லேபில் ஒட்டிவிடுங்கள். சேலத்துக்காரர்களான எங்களுக்கு இதில் அதிர்ஷ்டம், எழுத்து மாறவே இல்லை. இன்னொன்றும் உண்டு. அதிகாரிகள் ‘ஃபேமின்’ என்று எடுத்த எடுப்பில் எழுதிவிட மாட்டார்கள். ‘ஸ்கேர்சிட்டி’, ‘டிஸ்ட்ரெஸ்’ என்று மென்று விழுங்குவார்கள். அந்தச் சொற்களையும் போட்டுத் தேடுங்கள். ஏன் மென்று விழுங்கினார்கள் என்பதே அப்புறம் நல்ல கேள்வியாகிவிடும்.

தமிழ் அச்சுப் புத்தகம் என்றால் உள்ளே தேடுவதை நம்பவே வேண்டாம். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்பு லை, னை, ணை எல்லாம் யானைத்துதிக்கையோடு இருந்தன. றா, னா, ணா சுழித்துக்கொண்டு நின்றன. படத்தை எழுத்தாக மாற்றும் மென்பொருள் இவற்றைக் கண்டபடி படிக்கிறது. ‘விலை’, ‘தலை’, ‘யானை’ போன்ற சொற்களைத் தேடுசொல்லாகக் கொடுத்தால் ஏமாற்றம்தான். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமானாலும் சரி, ஈழத்து வெளியீடுகளைத் திரட்டிவைத்திருக்கும் நூலகம் தளமானாலும் சரி, தேடுபெட்டியை விட்டுவிட்டு ஆண்டுவாரியாகவோ வகைவாரியாகவோ உலாவுங்கள். நேரம் ஆகும். ஆனால் தேடாத ஏதாவது ஒன்று கையில் அகப்படும்.

இன்டர்நெட் ஆர்க்கைவில் இருக்கும் ‘டிஜிட்டல் லைப்ரரி ஆஃப் இந்தியா’ நூல்களுக்குத் தனி வைத்தியம். பலவற்றின் தலைப்பு பிழையாகப் பதிவாகியிருக்கிறது, சிலவற்றில் பாதித் தலைப்புதான் இருக்கிறது. தலைப்பால் தேடிக் கிடைக்கவில்லை என்றால் ஆசிரியர் பெயரால் தேடுங்கள். சேலத்துக்கு முக்கியமான 1883-ஆம் வருட ஜில்லா மேனுவலை (ஜில்லாவைப் பற்றிய அரசுக் கையேடு) ‘லெ ஃபானு’ என்று ஆசிரியர் பெயரைப் போட்டுத்தான் பிடித்தேன்.

அறிகுறி: பட்டியலில் பெயர் வருகிறது, உள்ளே கோப்பு இல்லை

இந்திய தேசிய ஆவணக் காப்பகத்தின் ‘அபிலேக் படல்’ தளத்தில் இது சகஜம். கோப்பின் பெயர், எண், வருடம் எல்லாம் இருக்கும், ஸ்கேன் இருக்காது. தளம் பழுதாகவில்லை, அந்தக் கோப்பை இன்னும் எண்மமாக்கவில்லை, அவ்வளவுதான். எண்ணைக் குறித்துக்கொண்டு அடுத்ததற்குப் போங்கள். சொல்லப்போனால் அந்தப் பட்டியல் பக்கத்தையே ஒருமுறை வகுப்பில் காட்டினேன். எந்தெந்தத் துறை எதையெதைப் பற்றிக் கோப்பு திறந்தது என்று பார்த்தாலே அரசாங்கத்தின் கவலை எதில் இருந்தது என்பது புரிந்துவிடுகிறது.

அறிகுறி: வகுப்பில் திறக்கவே மாட்டேன் என்கிறது

நேரலையாகத் திறக்காதீர்கள். எப்போதும். முந்நூறு எம்பி புத்தகத்தைப் பள்ளி இணையத்தில் இறக்குவது மாட்டுவண்டியில் ரயிலைத் துரத்துகிற கதை. வேண்டிய ஒரு பக்கத்தை மட்டும் வீட்டிலேயே படமாக எடுத்து, அச்செடுத்து, நகலெடுத்துக் கொண்டுபோங்கள். காகிதத்தின் அடியில் நூல் பெயர், வருடம், பக்க எண் மூன்றையும் கையால் எழுதிவிடுங்கள். அச்சிட்ட பக்க எண்ணும் ஸ்கேன் காட்டும் எண்ணும் ஒன்றாக இருக்காது; அச்சு எண்ணையே எழுதுங்கள்.

அறிகுறி: வருடம் உதைக்கிறது

ஒருமுறை பழைய தமிழ் நூல் ஒன்றின் முகப்பைக் கொடுத்து “எப்போது அச்சானது?” என்று கேட்டேன். ஒரு பையன் எழுந்து நின்று “க அ எ எ சார்” என்றான். வகுப்பே சிரித்தது. ஆனால் அவன் சரியாகத்தான் பார்த்திருக்கிறான். அங்கே இருந்தது ௧௮௭௭. தமிழ் எண்ணில் 1 க-வைப் போலவும், 8 அ-வைப் போலவும், 7 எ-யைப் போலவும் இருக்கும். கூடவே ௵ என்று ஒரு குறி ஒட்டிக்கொண்டிருந்தால் அது வருஷம். ௴ மாதம், ௳ நாள், ௹ ரூபாய். கரும்பலகையின் மூலையில் இந்த நான்கையும் எழுதிப்போட்டால் ஒரு வாரத்தில் பிள்ளைகள் தங்கள் பிறந்தநாளை அதில் எழுத ஆரம்பித்துவிடுகிறார்கள்.

அடுத்த சிக்கல் வருடப் பெயர். தாது 1876–77. ஆனால் அறுபது வருடத்துக்கு ஒருமுறை அதே பெயர் திரும்ப வரும். 1816–17ம் தாதுதான், 1936–37ம் தாதுதான், 1996–97ம் தாதுதான். ஆகவே ‘தாது௵’ என்று மட்டும் போட்ட ஓர் ஏட்டைப் பார்த்ததும் பஞ்ச காலத்து ஏடு என்று குதிக்கக்கூடாது. தாள், அச்சு, உள்ளே வரும் கலெக்டர் பெயர், இப்படி வேறு ஏதாவது ஒரு சாட்சி வேண்டும்.

வருவாய்க் கணக்கு என்றால் பசலி, அதாவது வருவாய்த் துறையின் ஆண்டுக் கணக்கு. பசலியோடு 590 கூட்டினால் அது தொடங்கும் ஆங்கில வருடம் கிடைக்கும், ஜூலை முதல் ஜூன் வரை. பசலி 1286 என்றால் 1876 ஜூலையிலிருந்து 1877 ஜூன் வரை, அதாவது பஞ்சத்தின் நடுமையம். விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. “எங்க வீட்டு அடங்கல்ல இருக்கு சார்” என்று அவர்களே சொல்வார்கள்.

அறிகுறி: விலைப்பட்டியலைப் பார்த்தால் பஞ்சத்தில் விலை குறைந்திருக்கிறது

இது என்னையே ஏமாற்றியது. முந்தைய வருடங்களில் பெரிய எண், 1877-ல் சின்ன எண். “விலை இறங்கியிருக்கே சார், அப்புறம் எப்படிப் பஞ்சம்?” என்று ஒருத்தி கேட்டாள். பதில் சொல்லத் தெரியாமல் “நாளைக்குச் சொல்றேன்” என்று தப்பித்தேன்.

அன்றிரவு பட்டியலின் தலைப்பை மறுபடி படித்தபோதுதான் புரிந்தது. அது ஒரு சேருக்கு (அந்தக் கால எடை அளவு) எத்தனை ரூபாய் என்ற பட்டியலே அல்ல. ஒரு ரூபாய்க்கு எத்தனை சேர் என்ற பட்டியல். எண் சிறுத்தால் விலை ஏறியிருக்கிறது என்று அர்த்தம். சும்மா கணக்குக்காகச் சொன்னால், ரூபாய்க்கு 24 சேர் கிடைத்தது 8 சேர் ஆனால் விலை மூன்று மடங்கு. இப்போது நானே இந்தப் பொறியை வைத்துத்தான் அந்த வகுப்பைத் தொடங்குகிறேன். பட்டியலைக் கொடுத்து, விலை ஏறியதா இறங்கியதா என்று கைதூக்கச் சொல்லி, அப்புறம் தலைப்பைப் படிக்கச் சொல்கிறேன். எந்த ஆவணத்தையும் மேலிருந்து படிக்கவேண்டும் என்பது அன்றைக்கு மண்டையில் ஏறிவிடும்.

காசுக்கணக்கையும் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 ‘பை’. அந்தப் ‘பை’ இன்றைய பைசா அல்ல.

அறிகுறி: படித்துக்காட்டினால் கண் சொருகுகிறது

பத்தொன்பதாம் நூற்றாண்டு அதிகாரி ஆங்கிலத்தை ஒன்பதாம் வகுப்புக்கு அப்படியே கொடுப்பது பாவம். வெட்டுங்கள். முழுப் பக்கத்திலிருந்து ஐந்தாறு வரி போதும். அதைத் தமிழாக்கி, ஒரே ஒரு வரியை மட்டும் மூல ஆங்கிலத்திலேயே விட்டுவையுங்கள். அந்த ஒரு வரியை எழுத்துக்கூட்டியாவது படித்துவிடுவார்கள். படித்துவிட்டோம் என்ற திமிரும் வரும்.

தமிழாக்கும்போது ஊர்ச்சொல்லைப் போடுங்கள். சமைத்த உணவு கொடுத்த இடத்தை நான் முதலில் ‘நிவாரண முகாம்’ என்று எழுதினேன். யாருக்கும் எதுவும் தோன்றவில்லை. ‘கஞ்சித்தொட்டி’ என்று மாற்றியதும் ஒரு பெண் “எங்க பாட்டி சொல்லும் சார்” என்றாள். ஆனால் மூலத்தில் இருக்கும் கடுமையைத் தமிழில் இளக்கிவிடக்கூடாது. அதிகாரி ஏழைகளைச் சோம்பேறி என்று எழுதியிருந்தால் சோம்பேறி என்றே போடுங்கள். அவரைக் காப்பாற்றுவது நம் வேலை இல்லை.

அதோடு, வெறும் எழுத்தாகவே விடாதீர்கள். நான் செய்தது இது. 1877 தொடக்கத்தில் வைஸ்ராய் லிட்டன் அனுப்பிய ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலையில் மண் சுமக்கும் ஆணுக்கு நாளைக்கு ஒரு பவுண்டு தானியம், கூடவே ஓரணா என்ற கணக்கில் கூலி வைத்தார். ஒரு பவுண்டு என்றால் சுமார் 450 கிராம். சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ் இது போதாது, ஒன்றரைப் பவுண்டாவது வேண்டும், பருப்பு காய்கறி வேறு வேண்டும் என்று சண்டை பிடித்தார். அது சுமார் 680 கிராம். கடைசியில் மாகாண அரசு நடுவில் ஓர் அளவுக்கு வந்தது. ஒன்றேகால் பவுண்டு, சுமார் 570 கிராம், கூடக் கொஞ்சம் பருப்பு. மளிகைக் கடையில் கேழ்வரகு வாங்கி மூன்று பொட்டலமாகக் கட்டி மேசைமேல் வைத்தேன். ஒவ்வொருவராக வந்து கையில் தூக்கிப் பார்த்தார்கள். கல்குவாரியில் வேலை செய்பவரின் மகன் சின்னப் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், “இதுல ரெண்டு வேளை களி கிண்டலாம் சார். கல்லு தூக்க முடியாது” என்றான். அதற்கப்புறம் டெம்பிளின் குறிப்பைக் கொடுத்தேன். அன்று யாரும் தூங்கவில்லை.

அறிகுறி: எண்கள் ஒத்துப்போவதில்லை

பஞ்சத்தில் இறந்தவர்கள் 55 லட்சம் என்று ஓரிடத்தில் இருக்கும், 82 லட்சம் என்று இன்னோரிடத்தில் இருக்கும். “எது சார் கரெக்ட்? பரீட்சைக்கு எதை எழுத?” பரீட்சைக்குப் பாடப்புத்தகத்தில் இருப்பதை எழுது என்று சொல்லிவிட்டு, ஏன் வேறுபடுகிறது என்பதற்கு வாருங்கள். சிலர் பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதியை மட்டும் எண்ணுகிறார்கள்; சிலர் மைசூர், ஐதராபாத் சமஸ்தானங்களையும் சேர்க்கிறார்கள். பட்டினியில் செத்தவர்கள் மட்டுமா, அதைத் தொடர்ந்து வந்த காலராவிலும் காய்ச்சலிலும் போனவர்களுமா என்பது இன்னொரு வேறுபாடு.

இதைச் சொல்லிப் புரியவைப்பதைவிடச் செய்து பார்ப்பது மேல். மக்கள்தொகைக் கணக்கெடுப்பை எடுங்கள். சேலம் ஜில்லாவில் 1871-ல் 19,66,995 பேர். 1881-ல் 15,99,595 பேர். கழிக்கச் சொன்னேன், 3,67,400 வந்தது. ஐந்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவு. “அப்போ இத்தனை பேர் செத்துட்டாங்க” என்றது வகுப்பு. சரியா? இங்கேதான் நிறுத்தவேண்டும். ஊரைவிட்டுப் போனவர்கள் எங்கே? சிலோன் தோட்டங்களுக்குக் கப்பலேறியவர்கள்? பஞ்சத்தில் பிறக்காமலே போன குழந்தைகள்? இன்னொரு பக்கம், இடையில் நல்ல வருடங்களில் பிறந்தவர்களையும் கழித்தால்தான் உண்மைக் கணக்கு, அப்படிப் பார்த்தால் சாவு இன்னும் கூடலாம். வித்தியாசம் என்பது வேறு, சாவு எண்ணிக்கை என்பது வேறு.

இன்னொரு எச்சரிக்கை. அன்றைய சேலம் ஜில்லா இன்றைய சேலம் மாவட்டம் அல்ல. தர்மபுரி, கிருஷ்ணகிரி, நாமக்கல், திருப்பத்தூர் எல்லாம் அதற்குள்தான். இன்றைய வரைபடத்தின்மேல் பழைய எண்ணை ஒட்டினால் கணக்கு நாறிவிடும்.

அறிகுறி: படத்தைப் பார்த்ததும் ‘பாவம் சார்’ என்று முடித்துவிடுகிறார்கள்

இதுதான் எனக்கு அதிக நாள் பிடித்த கோளாறு. இந்தப் பஞ்சத்தின் படங்கள் என்றால் வில்லோபி வாலஸ் ஹூப்பர் எடுத்தவைதான் எங்கும் கிடைக்கும். எலும்பும் தோலுமாக உட்காரவைக்கப்பட்ட குடும்பங்கள். முதல் வருடம் பெரிய திரையில் போட்டேன். இரண்டு பெண்கள் அழுதார்கள். மற்றவர்கள் பார்வையைத் திருப்பிக்கொண்டார்கள். அதற்குமேல் பாடம் நகரவில்லை. இப்போது பெரிய திரையில் போடுவதில்லை. ஒரே ஒரு படம், கையளவு அச்சு, முன்கூட்டியே சொல்லிவிட்டு, பார்க்க விரும்பாதவர்களுக்கு வேறு ஆவணம்.

பிறகு மூன்று படி. என்ன தெரிகிறது என்று மட்டும் முதலில் எழுதவேண்டும். ‘பாவம்’ என்ற சொல்லுக்கு அங்கே தடை. அடுத்து என்ன நினைக்கிறாய். கடைசியாக என்ன கேட்கத் தோன்றுகிறது. அமெரிக்காவின் லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் ஆசிரியர்களுக்குக் கொடுக்கும் பயிற்சித்தாளில் இருக்கும் முறைதான் இது. தடை போட்டதும் கண் திறக்கிறது. “வரிசையா உட்கார வச்சிருக்காங்க.” “எல்லாரும் கேமராவைப் பார்க்கறாங்க.” அப்போது ஒருவன் கேட்டான், “அசையாம இருக்கச் சொன்னது யாரு சார்?”

அந்தக் கேள்வி வரும்வரை ஹூப்பர் யார் என்று சொல்லாதீர்கள். வந்ததும் சொல்லுங்கள். அவர் சென்னைப் படையில் குதிரைப்பிரிவு அதிகாரி. பத்து வருடம் கழித்து, 1886-ல் பர்மாவின் மாண்டலேயில் கைதிகளைச் சுட்டுக்கொல்லும்போது படம் எடுப்பதற்காகச் சுடும் உத்தரவைத் தாமதப்படுத்தினார் என்று புகார் எழுந்து விசாரணையே நடந்தது. இதைக் கேட்டதும் கையிலிருக்கும் படத்தை மறுபடி திருப்பிப் பார்க்கிறார்கள். ஆனால் உடனே “அப்போ படம் பொய்யா?” என்பார்கள். பொய் இல்லை. அந்த விலா எலும்புகள் உண்மை. உட்காரவைத்த விதமும் உண்மை. இரண்டையும் ஒன்றாகப் பிடித்துக்கொள்ளப் பழகுவதற்கு ஒரு வகுப்பு போதாது என்று சொல்லிவிட்டுத் தைரியமாக அடுத்த நாளும் அதையே எடுங்கள்.

இந்தப் படங்கள் 1943 வங்கப் பஞ்சம் என்ற பெயரில் வாட்ஸப்பில் சுற்றுவதுண்டு. பிள்ளைகளின் கைபேசியிலேயே இருக்கலாம். வெல்கம் கலெக்‌ஷன் போன்ற காப்பகத்தின் பதிவுப் பக்கத்தைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடச் சொன்னால் அரை மணி நேரப் பாடம் தானாக ஓடும்.

அறிகுறி: “எல்லாம் வெள்ளைக்காரன் எழுதினதுதானே சார்?”

நல்ல கேள்வி. பாதி சரி. கிடைப்பதில் பெரும்பாலானவை அதிகாரிகள் எழுதியவை. ஆனால் ‘வெள்ளைக்காரன்’ என்று ஒற்றை ஆளாக அவர்கள் எழுதவில்லை. டெம்பிளும் கார்னிஷும் ஒருவரையொருவர் மறுத்து எழுதியதை அடுத்தடுத்து வையுங்கள். இத்தனைக்கும் இதே டெம்பிள் 1873–74 பீகார் பஞ்சத்தில் பர்மாவிலிருந்து அரிசி இறக்கி மக்களைக் காப்பாற்றியவர். அதற்காகவே, அளவுக்குமீறிச் செலவழித்தார் என்று வாங்கிக்கட்டிக்கொண்டவர். அந்த ஆள் மூன்றே வருடத்தில் ஒரு பவுண்டுக்கு இறங்கினது ஏன் என்று கேட்டுப் பாருங்கள். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் அலுவலக அரசியலை நன்றாகவே புரிந்துகொள்கிறார்கள்.

வில்லியம் டிக்பி 1878-ல் எழுதிய இரண்டு பாக நூலையும் சேர்த்துக்கொள்ளலாம். அவர் அப்போது ‘மெட்ராஸ் டைம்ஸ்’ ஆசிரியர், நிவாரண நிதிக் குழுவின் செயலாளரும்கூட. அரசைத் திட்டுவதற்கும் தன் குழுவைப் புகழ்வதற்கும் அவருக்குக் காரணம் இருந்தது. அதையும் சொல்லிவிடுங்கள்.

தமிழ்க்குரல் வேண்டும் என்று சிலர் அவசரப்பட்டு ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பைக் கொண்டுவருகிறார்கள். அது 1736 முதல் 1761 வரை, புதுச்சேரி. அருமையான ஆவணம், ஆனால் இந்தப் பஞ்சத்துக்கு நூறு வருடம் முந்தியது. எழுதியவரும் துபாஷ் (மொழிபெயர்ப்பாளரும் தரகரும்), ஏழை அல்ல. தமிழில் இருப்பதாலேயே அது சாமானியனின் குரலாகிவிடாது.

சாமானியன் பேசாத இடத்தில் அவன் செய்த வேலை இருக்கிறது. சென்னையில் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் கால்வாய்த் துண்டு, சுமார் 8 கிலோமீட்டர், இந்தப் பஞ்சத்தின் நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. 1878-ல் அதற்கு கவர்னர் பக்கிங்ஹாம் பெயரை வைத்தார்கள். மண் சுமந்தவர்களின் பெயர் எங்குமில்லை. கால்வாயின் இன்றைய படத்தையும் கூலிக் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். வேறு விளக்கம் எதுவும் சொல்லவில்லை.

அறிகுறி: ஆவணத்தைக் கொடுத்தாலும் விடை கைடிலிருந்து வருகிறது

கேள்வியில்தான் கோளாறு. ‘பஞ்சத்தின் காரணங்கள் யாவை?’ என்று கேட்டால் கைடு பதில்தான் வரும், செயற்கை நுண்ணறிவும் அதையே அழகாக எழுதிக்கொடுக்கும். கையிலுள்ள காகிதத்தைத் தவிர வேறெங்கும் விடை இல்லாதபடி கேளுங்கள். ‘இந்த ஆறு வரியில் பெண்களைப் பற்றி எங்கே வருகிறது? அடிக்கோடிடு.’ ‘எழுதியவர் தன் கண்ணால் பார்த்தது எது, கேள்விப்பட்டது எது?’ அடிக்கோடு போட்ட தாளைத்தான் திருத்துகிறேன், கட்டுரையை அல்ல. நேரமும் மிச்சம்.

போன வருடம் கூலிக்கணக்குத் தாளில் ஒரு பெண் எதற்கும் அடிக்கோடு போடவில்லை. ஓரத்தில் பென்சிலில் எழுதியிருந்தாள்: ‘தானியம் சரி. விறகு, உப்பு, சட்டி? அந்த ஓரணாவிலயா?’ 1877-ல் சேலம் சந்தையில் விறகு என்ன விலை விற்றது என்று அவளும் நானும் மேனுவலில் தேடிக்கொண்டிருக்கிறோம்.